தல்லே மிதிச்ச மிதி

நெருங்கி உக்காருங்க, காலை நீட்டாதீக, கதை கேக்கும்போது காலை நீட்டினா கதை தடுக்கி விழுந்துடும். நான் சொல்லப்போறது நம்ம ஊருக் கதை இல்ல. கடலுக்கு அந்தாண்ட, நமக்கு விடியறதுக்கு முன்னாடியே விடிஞ்சுடுற சீமை ஒண்ணு இருக்கு, கொரியான்னு பேரு. அங்க தெக்கியன்னு ஒரு ஆட்டம் ஆடுவாக. ஆட்டம்னா ஆட்டம், சண்டைன்னா சண்டை. ரெண்டு பேரு எதிரெதிரா நின்னு இடுப்பை ஆட்டி ஆட்டி மிதிப்பாக, பாத்தா கூத்துக் கட்டுற மாதிரி இருக்கும், பாத்துக்கிட்டே இருக்கும்போது ஒருத்தன் பொத்துன்னு தரையில உக்காந்திருப்பான். எப்படி விழுந்தான்னு அவனுக்கே தெரியாது. காயமும் பட்டிருக்காது. இது எப்படி வந்துச்சுன்னு படிச்சவுகளைக் கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாக. நான் படிச்சவ இல்ல, எனக்குத் தெரிஞ்சது கதை. நிசமான்னு குறுக்க கேக்கக் கூடாது, சரியா?

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, ஒரு மலை அடிவாரத்துல, ஒரு ஓடைக்கு மேல் பக்கம் மேலூருன்னு ஒரு ஊரும் கீழ்ப் பக்கம் கீழூருன்னு ஒரு ஊரும் இருந்துச்சாம். மலைத்தண்ணியைக் கரை கட்டித் தேக்கி வச்சு, அதுல ஒரு மடை. மடையிலருந்து ரெண்டு வாய்க்கா, ஊருக்கு ஒண்ணு. நாத்து நடுற காலம் வந்துட்டா ரெண்டு ஊருக்கும் ஒரே கேள்விதான், தண்ணி மொதல்ல யாருக்கு?

எங்களுக்குன்னு மேலூரு சொல்லும். எங்களுக்குன்னு கீழூரு சொல்லும். கடைசியில எதை வச்சு முடிவு பண்ணுவாக தெரியுமா? கல்லை வச்சு.

ஆமா, கல்லுதான். அஞ்சாம் மாசம் அஞ்சாம் நாளு அவுகளுக்குப் பெரிய திருநாளு. காலையில பொம்பளைக வசம்புத் தண்ணியில தலை முழுகுவாக, நம்ம பச்சைப் புள்ளைக்குக் கட்டுற வசம்பேதான், அப்புறம் மரத்துல பெரிய ஊஞ்சல் கட்டி வானத்துக்கும் பூமிக்கும் ஆடுவாக. மத்தியானம் ஆனா ஆம்பளைக ஓடையோட அந்தக் கரையில ஒரு கூட்டம், இந்தக் கரையில ஒரு கூட்டமா நின்னு கல்லெறிவாக. யாரு பின்வாங்கி ஓடுறாகளோ அவுக தோத்தாக. ஜெயிச்ச ஊருக்கு மொதத் தண்ணி. இதுல ஒரு வருசம் ஒருத்தன் பல்லு போகும், ஒரு வருசம் ஒருத்தன் காலு போகும், ஒரு வருசம் ஒருத்தன் உசிரே போகும். அப்புறம் மூணு நாளு ரெண்டு ஊர்லயும் மருந்தும் அழுகையும்தான். நாலாம் நாளு போய் மடையைத் திறந்தா, முழங்காலுக்கு நின்ன தண்ணி கணுக்காலுக்குத்தான் நிக்கும்.

"என்னங்க ஐயா, தண்ணி குறைஞ்சு கெடக்கு?"ன்னு கேட்டா, "மலையில மழை பத்தல, நான் என்னப்பா செய்ய"ன்னு சொல்வாரு பாங் பண்ணையாரு.

யாரு அந்தப் பாங் பண்ணையாருன்னு கேக்கிறியா? சொல்றேன். அவருதான் அந்தச் சீமையில பெரிய கை. குதிரை மயிரில பின்னின கறுப்புத் தொப்பி வச்சிருப்பாரு, உள்ள இருக்கிற குடுமி வெளிய தெரியும், அம்புட்டு மெல்லிசு. நாடிக்குக் கீழ பாசிமணியில கட்டு. மடைக்குப் பக்கத்துலயே அவரு வயலு. திருநாளுக்கு மூணு நாளைக்கு முன்னாடி மேலூருக்குப் போவாரு, "கீழூர்க்காரன் உங்களைப் பொட்டப்பயலுகன்னு சொல்றான்டா"ம்பாரு. கீழூருக்குப் போவாரு, "மேலூர்க்காரன் உங்களை நாத்தம் புடிச்ச பயலுகன்னு சொல்றான்டா"ம்பாரு. அப்புறம் ரெண்டு ஊருக்கும் ரெண்டு பானை அரிசிக் கள்ளு அனுப்புவாரு. குடிச்சவன் கை சும்மா இருக்குமா?

இப்படி வெட்டுப்பழி குத்துப்பழியா இருந்த ஊருகளுக்குள்ள ஒரு கல்யாணம் நடந்துச்சு. மேலூருப் பொண்ணு தல்லே, கீழூரு மாப்பிள்ளை ஓக்சே. தல்லேன்னா அவுக மலையில முளைக்கிற சின்ன காட்டு வெங்காயம், கிள்ளினா கண்ணுல தண்ணி வரும். பொண்ணும் அப்படித்தான், ஆளு சின்னது, காரம் பெரிசு. தல்லேக்கு ஒரே ஒரு அண்ணன், பாவுன்னு பேரு. பாவுவும் ஓக்சேயும் சின்ன வயசுலருந்து ஓடையில மீன் புடிச்சே கூட்டாளி ஆனவுக. அதனால ஊரு முழுக்க வேண்டாம்னு சொல்லியும் பாவு கேக்கல. "என் தங்கச்சியை என் கூட்டாளிக்குத்தான் கொடுப்பேன்"னு கொடுத்துட்டான்.

கொடுத்த மறு வருசமே வந்துச்சு வினை. திருநாளு அன்னைக்கு மச்சான் அந்தக் கரையில, மாப்பிள்ளை இந்தக் கரையில. ஒருத்தன் மேல ஒருத்தன் எறியக் கூடாதுன்னு ரெண்டு பேருக்கும் மனசுல இருந்துச்சு. ஆனா புழுதி கிளம்பிருச்சு, கூச்சல் கிளம்பிருச்சு, கள்ளு தலைக்கு ஏறிருச்சு. பாவு கண்ணை மூடிக்கிட்டு எறிஞ்ச கல்லு ஓக்சேயோட இடது கண்ணுல போய் விழுந்துச்சு. கண்ணு போயிருச்சு.

அன்னையிலருந்து பாவு கீழூருப் பக்கம் எட்டியே பாக்கல. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வருவான்? ஆனா ஓக்சேக்கு அது புரியல. "கண்ணை எடுத்துட்டு, ஒரு வார்த்தை கேக்க வரலையே உங்க அண்ணன்"னு குமுறினான். குமுறி குமுறி, தினம் சாயங்காலம் ஓடைக்குப் போயி, கைக்கு அடங்கின கூர்ங்கல்லு ஒண்ணு பொறுக்கிட்டு வந்து சாக்குல போடுவான். ஒருநா ஒண்ணு. மறுநா ஒண்ணு. அதுக்கு மறுநா ஒண்ணு. சாக்கு பெருத்துக்கிட்டே வந்துச்சு.

"எதுக்குங்க இம்புட்டுக் கல்லு?"ன்னா தல்லே.

"இந்தத் திருநாளுல உங்க அண்ணன் வீட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது"ன்னான் அவன்.

தல்லே என்ன செய்வா, சொல்லுங்க. புருசன் ஜெயிச்சா அண்ணன் இல்ல. அண்ணன் ஜெயிச்சா புருசன் இல்ல. முதுகுல ஒரு கைப்புள்ள வேற. அவ போயி நெல்லு குத்தினா. பொம்பளைக்கு மனசு வெந்தாலும் அன்னைக்குச் சோத்துக்கு நெல்லு குத்தித்தான் ஆகணும்.

நம்ம ஊர்ல உலக்கையைக் கையில புடிச்சுக் குத்துவோம். அங்க காலால குத்துவாக. நீளமா ஒரு மரம், தலையில உலக்கை மாட்டியிருக்கும். வால் பக்கத்தை மிதிச்சா தலை தூக்கும், காலை எடுத்தா தொம்முன்னு உரல்ல விழும். தல்லேகூடச் சேந்து மிதிக்க ஆளு இல்ல. அதனால அவ ஒத்தையிலயே முன்னால ஒரு மிதி, பக்கத்துல ஒரு மிதி, பின்னால ஒரு மிதி, இப்படி மூணு எடத்துலயும் மாறி மாறி மிதிச்சுக்கிட்டே, குத்துறதையும் பாத்து, சிதறின நெல்லையும் காலால ஒதுக்கி, முதுகுல இருந்த புள்ளையையும் ஆட்டுவா. முழங்கால் தொய்யும், இடுப்பு அசையும், மூச்சு வாய் வழியா தானா வரும். "இக்கு! எக்கு! இக்கு! எக்கு!" அப்படியே பழகிப்போச்சு. அவ நெல்லு குத்துறதைப் பாத்து அக்கம்பக்கம் சிரிக்கும், "தல்லே குத்துறாளா, குதிக்கிறாளா"ன்னு.

ஒருநா என்ன ஆச்சுன்னா, பக்கத்து வீட்டுக் காளைக்கன்னு ஒண்ணு நாயைப் பாத்து மிரண்டு, கவுத்தை அத்துக்கிட்டு, தலையைக் குனிஞ்சு நேரா இவ குத்துற கொட்டாய்க்குள்ள பாஞ்சு வந்துருச்சு. முதுகுல புள்ள. ஓட எடமில்ல, யோசிக்க நேரமில்ல. காலு மட்டும் தன்பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டு இருந்துச்சு. இக்குன்னு ஒரு காலு பின்னால போச்சு, இடுப்பு திரும்பிச்சு, கன்னு அவளை உரசிக்கிட்டுப் போச்சு, எக்குன்னு அடுத்த காலு வந்து கன்னோட முன்னங்காலை லேசா வாரிவிட்டுச்சு. அம்புட்டுத்தான். கன்னு தவிட்டுக் குவியல்ல போயி உக்காந்துக்கிட்டு, என்ன நடந்துச்சுன்னு தெரியாம அம்மான்னு கத்துச்சு. முதுகுல இருந்த புள்ள கெக்கெக்கேன்னு சிரிச்சுச்சு.

தல்லே தன் காலைத் தானே குனிஞ்சு பாத்தா. "ஏ காலே, உனக்கு இதெல்லாம் தெரியுமா?"ன்னா.

அப்புறம் நாலஞ்சு நாளு கழிச்சு பண்ணையாரோட ஆளு ஒருத்தன் வந்தான், பனைமரம் கணக்கா ஒரு தடியன். "எங்க உன் புருசன்? உங்க அண்ணன் பாவு மேலூர்ல நின்னு சொல்றான், மிச்சமிருக்கிற கண்ணையும் இந்தத் திருநாளுல எடுத்துடுவேன்னு. பண்ணையாரு சொல்லிட்டு வரச் சொன்னாரு"ன்னான்.

"எங்க அண்ணன் வாயில அந்தப் பேச்சு வராது"ன்னா தல்லே.

"தள்ளிப் போடீ"ன்னு அவளைப் புடிச்சுத் தள்ள வந்தான். இக்கு, எக்கு. தடியன் தரையில உக்காந்திருந்தான். சுத்தி முத்தி பாத்தான், அடிச்சது யாருன்னு தெரியல. "இந்த வீட்டுத் தரை என்ன இப்படி வழுக்குது"ன்னு புட்டத்தைத் தட்டிக்கிட்டு வெளிய போயிட்டான். போனவன் சும்மா போகல. வழியில ஓக்சேயைப் பாத்து, சொல்ல வந்த பொய்யைச் சொல்லிட்டுத்தான் போனான்.

ஓக்சே வீட்டுக்குள்ள வந்தான். கல்லுச் சாக்கைத் தூக்கித் தோள்ல போட்டான். திருநாளுக்கு இன்னும் இருவது நாளு கெடக்கு, அவன் அப்பவே மேலூருக்குக் கிளம்பிட்டான்.

தல்லே வாசல்ல வந்து நின்னா.

"விலகு புள்ள."

"விலக மாட்டேன். போகாதீக."

"நீ அவன் தங்கச்சியா, என் பொண்டாட்டியா?"

"ரெண்டும்தான். அதான் நிக்கிறேன்."

அவன் தோளால இடிச்சுக்கிட்டு வந்தான். இக்கு, எக்கு. உக்காந்துட்டான். எந்திரிச்சான், கோவம் தலைக்கு ஏறிச்சு, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு வந்தான். இக்கு, எக்கு. உக்காந்துட்டான். மூணாந்தரம் சாக்கைக் கீழ போட்டுட்டு காளை மாதிரி வந்தான். இக்கு, எக்கு. மறுபடியும் உக்காந்துட்டான். இந்தத் தரம் எந்திரிக்கல. கல்லெல்லாம் வாசல் பூரா உருண்டு கெடந்துச்சு.

உக்காந்த எடத்துலருந்தே, "ஏ புள்ள, மூணு தரம் விழுந்தேன், ஒரு தரம் கூட வலிக்கலையே, ஏன்?"னு கேட்டான்.

"உங்களுக்கு வலிக்கணும்னு நான் நினைக்கல. உங்களை நிறுத்தணும்னுதான் நினைச்சேன். உதைச்சா வலிக்கும், நான் உதைக்கல. நீங்க வந்த வேகத்தையே கொஞ்சம் தள்ளி விட்டேன்."

"உங்க அண்ணன் ஏன் ஒரு தரம் கூட என்னைப் பாக்க வரல?"

"வெக்கம். நீங்க காறித் துப்பிடுவீகளோன்னு பயம். மிச்சக் கண்ணை எடுப்பேன்னு சொன்னதெல்லாம் பொய்யி. எனக்குத் தெரியாதா எங்க அண்ணனை?"

ஓக்சே மூஞ்சியைப் பொத்திக்கிட்டு அழுதான். இருக்கிற ஒத்தக் கண்ணுல தண்ணி நிக்கல. அழுது முடிச்சுட்டு, "அது எப்படி மிதிக்கிற, எனக்கும் காட்டு"ன்னான்.

அங்கதான் ஆரம்பிச்சுச்சு. இருவது நாளும் புருசனும் பொண்டாட்டியும் உரல் கொட்டாயிலதான். அவ மிதிப்பா, அவன் விழுவான். அவ மிதிப்பா, அவன் விழுவான். பத்தாம் நாளு ஒரு தரம் அவ விழுந்தா, ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல தொட்டில்ல இருந்த புள்ள முழிச்சுக்கிச்சு. "இடது பக்கம் எனக்குத் தெரியல புள்ள"ன்னான் அவன். "தெரியலைன்னா காதால கேளுங்க, எதிராளி மூச்சு எந்தப் பக்கம் போகுதுன்னு"ன்னா அவ. ஊருக்கு விசயம் தெரிஞ்சு, "ஓக்சே பொண்டாட்டிகிட்ட உதை வாங்குறான்"னு சிரிக்க வந்தாக. சிரிக்க வந்தவனெல்லாம் ஒரு தரம் நின்னு பாத்தான், ஒரு தரம் விழுந்து பாத்தான், மறுநா காலையில அவனும் தன் வீட்டு வாசல்ல இடுப்பை ஆட்டிக்கிட்டு நின்னான்.

திருநாளும் வந்துச்சு. காலையில ஊஞ்சல் ஆடியாச்சு. மத்தியானம் ரெண்டு கரையிலயும் கூட்டம், ஆளு ஆளுக்குக் கல்லுக் குவியல். பண்ணையாரு மேடான எடத்துல பந்தல் போட்டு, தொப்பியை நேரா வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. கையை ஆட்டினா எறிய ஆரம்பிக்கணும்.

கையை ஆட்டப்போற நேரத்துல ஓக்சே தன்னந்தனியா ஓடை மணல்ல இறங்கி நடந்தான். ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினான். வெறுங்கை.

"பாவு மச்சான்! நான்தான், ஓக்சே. கல்லை வச்சுட்டு இறங்கி வா. நீ என்னை விழ வை, நான் உன்னை விழ வைக்கிறேன். காயம் படக் கூடாது. விழுந்தவன் தோத்தான். மூணு தரம் ஆடுவோம், அதுல யாரு ஊரு ஜெயிக்குதோ அந்த ஊருக்கு மொதத் தண்ணி!"

மேலூரு கொல்லுன்னு சிரிச்சுச்சு. பாவு மட்டும் சிரிக்கல. ஒரு வருசம் கழிச்சு அன்னைக்குத்தான் மாப்பிள்ளை மூஞ்சியைப் பாக்கிறான். கையில கல்லோட அப்படியே நின்னான்.

பண்ணையாரு துள்ளி எந்திரிச்சாரு. "சூழ்ச்சிடா! நம்பாதீகடா! எறிங்கடா!"

யாரும் எறியல. ஆனா அந்தத் தடியன் எறிஞ்சான். பந்தல் ஓரத்துலருந்து ஒரே ஒரு கல்லு, ஓக்சேயோட நெத்தியில பட்டு ரத்தம் வழிஞ்சுச்சு. அவ்வளவுதான், கீழூருக் கரையில நூறு கை கல்லோட மேல போச்சு. கல்லைப் பாத்து மேலூருலயும் நூறு கை மேல போச்சு.

ஓக்சே தன் ஊரைப் பாத்துத் திரும்பினான். "இறக்குங்க! ரத்தம் என்னுது, வலி என்னுது, பொறுத்துக்கிட வேண்டியவன் நான். நீங்க இறக்குங்க!"ன்னு கத்தினான். கத்திட்டு, வழியிற ரத்தத்தைத் துடைக்கக் கூட இல்ல, மிதிக்க ஆரம்பிச்சான். முன்னால ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு, பின்னால ஒண்ணு. இக்கு. எக்கு.

அப்ப ஊஞ்சல் மரத்துப் பக்கம் இருந்து தல்லே ஓடி வந்தா, முதுகுல புள்ளையோட. ஓடைக்குள்ள இறங்கி, புருசனுக்குப் பின்னால நின்னு கையைத் தட்டி, "இக்கு! எக்கு!"ன்னா. அவ பின்னாலயே கீழூருப் பொம்பளைக இறங்கினாக, "இக்கு! எக்கு!"ன்னு. பாத்தா அந்தக் கரையிலயும் பொம்பளைக இறங்குறாக. புருசனை, அண்ணனை, தம்பியைப் பறிகொடுத்தவுக அந்தக் கரையிலயும்தான இருந்தாக. பொம்பளைக நடுவுல நிக்கும்போது எவன் எறிவான்?

பாவுவோட கையிலருந்து கல்லு கீழ விழுந்துச்சு. அவன் இறங்கி வந்தான்.

பாவு நல்ல திடகாத்திரமான ஆளு. நேரா புடிக்க வந்தான். இக்கு, எக்கு, உக்காந்துட்டான். கீழூரு கைதட்டிச்சு. பாவு எந்திரிச்சு, தங்கச்சி காலை ஒரு பார்வை பாத்தான், மாப்பிள்ளை காலை ஒரு பார்வை பாத்தான், அதே மாதிரி தானும் மிதிச்சுப் பாத்தான். கொஞ்சம் நேரம் ரெண்டு பேரும் ஆடினாக, கொக்கு ரெண்டு வயல்ல நிக்கிற மாதிரி. அப்புறம் மறுபடியும் பாவுதான் விழுந்தான். மூணாந்தரம் பாவு சுதாரிச்சுக்கிட்டான். இப்படிப் போறவன் மாதிரி அப்படிப் போயி, இடது பக்கமா வந்து காலை வாரிட்டான். ஓக்சே மல்லாக்க விழுந்தான். மேலூரு கரை அதிர்ந்துச்சு.

தூக்கிவிடக் கையை நீட்டின பாவு அப்பத்தான் கிட்டத்துல பாத்தான், அந்த மூடிப்போன கண்ணை. நீட்டின கையைப் பின்னால இழுத்துக்கிட்டான்.

"மாப்ளே... இந்தப் பக்கம் உனக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது மச்சான்."

"தெரியாத பக்கமா வந்துல்ல விழ வச்சுட்டேன், பாவி."

"ஆட்டத்துல அது தப்பில்ல. கையைக் கொடு, தூக்கிவிடு. ஒரு வருசமா இந்தக் கைக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்."

பாவு தூக்கிவிடல, அவனும் மணல்ல உக்காந்து மாப்பிள்ளையைக் கட்டிக்கிட்டான். தல்லே ரெண்டு பேரு தலையிலயும் ஆளுக்கு ஒரு கையை வச்சா.

ரெண்டுக்கு ஒண்ணு, கீழூருக்கு ஜெயம். "சரி, வாங்க, போயி மடையைத் திறப்போம்"னு எல்லாரும் கிளம்பினாக. பண்ணையாரு குறுக்க ஓடி வந்தாரு.

"இருங்கடா, இருங்கடா! திருநாளு அன்னைக்கு மடையைத் தொடக் கூடாது. வழக்கம் என்ன? மூணு நாளு போகட்டும்."

தல்லே கேட்டா, "மூணு நாளு எதுக்குங்க ஐயா? அது காயம்பட்டவனைப் பாக்கிற நாளு. இன்னைக்கு இங்க காயம்பட்டது என் புருசன் ஒருத்தன்தான், அவரே மடைக்கு நடந்து வர்றாரு."

பண்ணையாரைத் தாண்டிக்கிட்டு ஜனங்க மேல ஏறினாக. ஏறிப் பாத்தா, கரைக்குப் பின்னால செடி மறைவுல பெரிய பொந்து. அந்தப் பொந்து வழியா தண்ணி களகளன்னு பண்ணையாரு வயலுக்குப் பாயுது. வாய்க்காலு வெட்டி, கரை கட்டி, வருசக்கணக்கா பழகின வழி. இவுக மண்டையை உடைச்சுக்கிட்டுக் கெடந்த மூணு மூணு நாளும் தண்ணி எங்க போச்சுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. அந்தப் பொந்துக்காக ஒருத்தன் பல்லைக் கொடுத்தான், ஒருத்தன் காலைக் கொடுத்தான், ஒருத்தன் உசிரைக் கொடுத்தான்.

சும்மா இருப்பாகளா? கீழ கெடந்த கல்லு கைக்கு வந்துருச்சு. இந்தத் தரம் ரெண்டு ஊரும் ஒரே பக்கம் நின்னுச்சு. பண்ணையாரு ஒத்தையில நின்னாரு, தடியனைக் காணோம், அவன் எப்பவோ ஓடிட்டான்.

பாவு முன்னால வந்து மறிச்சான். "ஒரு கண்ணை எடுத்த கையி இது. எடுத்தது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், தினம் சோத்துல கை வைக்கும்போது தெரியும். வேணாம், போடுங்க கீழ"ன்னான்.

கல்லெல்லாம் இறங்கிச்சு. அதைப் பாத்த பண்ணையாருக்குத் தைரியம் வந்துருச்சு. சில பேரு அப்படித்தான், விட்டுக்கொடுத்தா பயந்துட்டாகன்னு நினைப்பாக. "எல்லாம் உன்னால வந்துச்சுடீ, உரல் மிதிக்கிற கழுதை!"ன்னு கைத்தடியை ஓங்கிக்கிட்டு தல்லே மேல பாஞ்சாரு. தல்லே அசையாம பாத்துக்கிட்டு இருந்தா. கிட்ட வந்ததும், இக்கு, எக்கு. பண்ணையாரு கரையிலருந்து நழுவி, அவரு திருடின தண்ணி ரொம்பின அவரு வயலுக்குள்ளயே, மார் வரைக்கும் சேத்துல உக்காந்தாரு. குதிரை மயிர்த் தொப்பி வாத்துக் குஞ்சு மாதிரி மெதந்து போச்சு. ஒரு கெழவி ஹிஹின்னு ஆரம்பிச்சா, அப்புறம் ரெண்டு ஊரும் சேந்து வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுச்சு. சேந்து சிரிச்சது அதுதான் மொத தரம்.

அதோட விட்டாகளா? யாரும் அவரைத் தொடல. ஆனா மறுநா அவரு வயல்ல நாத்து நட ஆளு வரல. மேலூரும் வரல, கீழூரும் வரல. வயல் ரொம்பத் தண்ணி, நாத்தங்கால் ரொம்ப நாத்து, நடத்தான் கை இல்ல. அஞ்சு நாளுல நாத்து வெளிறிச்சு. பத்து நாளுல மஞ்சளாச்சு. பண்ணையாரு தொப்பி இல்லாம, தலையைக் குனிஞ்சுக்கிட்டு ரெண்டு ஊருக்கும் நடந்தே வந்தாரு. "நான் செஞ்சது தப்பு"ன்னாரு.

ஊரு மூணு காரியம் சொல்லிச்சு. அந்தப் பொந்தை ஆளு வைக்காம உங்க கையாலயே கல்லு சுமந்து அடைக்கணும். இனிமே உங்க வயலுக்குக் கடைசித் தண்ணி. மூணாவது, வருசா வருசம் திருநாளு ஆட்டத்துல நீங்களும் இறங்கணும், யாரு கூப்பிட்டாலும் மாட்டேன்னு சொல்லக் கூடாது.

அந்த ஆட்டத்துல பெரியவுக இறங்குறதுக்கு முன்னாடி சின்னப் புள்ளைகதான் மொதல்ல ஆடணும்னு வழக்கம் வச்சுக்கிட்டாக. அப்புறம் என்ன, திருநாளு வந்தா ரெண்டு ஊருப் புள்ளைகளும் வரிசையில நிப்பாக, "பண்ணையார் தாத்தா, என்கூட வாங்க! என்கூட வாங்க!"ன்னு. ஏழு வயசுப் புள்ள விழ வைக்கும், எட்டு வயசுப் புள்ள விழ வைக்கும், தல்லேயோட மக நாலு வயசுல விழ வச்சுச்சு. சீமைக்கே பெரிய கையி, புள்ளைக காலடியில உக்காந்து எந்திரிச்சு, உக்காந்து எந்திரிச்சு, வீடு போய்ச் சேர சாயங்காலம் ஆயிரும்.

தல்லேக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ராசா கூப்பிட்டுப் பட்டம் கொடுக்கல. அவ பாட்டுக்கு நெல்லு குத்தினா, புள்ளை வளத்தா, கிழவியாகிச் செத்துப்போனா. ஆனா அந்த ஓடைக்கரையில அதுக்கப்புறம் ஒரு பொம்பளை கூட திருநாளு அன்னைக்கு அழுதுக்கிட்டு வீட்டுக்குப் போனதில்ல. எத்தனையோ சேனாதிபதி செய்ய முடியாத காரியம் அது. அடிக்கிறதுக்குப் பலம் போதும் கண்ணுகளா, கை இருக்கிறவனெல்லாம் அடிப்பான். எதிர்ல வர்றவனை நிறுத்தவும் செய்யணும், அவனுக்கு நோகவும் கூடாது, விழுந்தவன் எந்திரிச்சு நம்மகூடவே சோறு திங்க வரணும்னா, அதுக்குத்தான் வித்தை வேணும்.

அவுக வயலு வெளஞ்சுச்சு, நெல்லு வீடு சேந்துச்சு. எங் கதையும் வெளஞ்சுச்சு, ஆளுக்கு ஒரு மரக்கா அள்ளிக்கிட்டுப் போங்க.